ஒரு விழித்திரைப் படம் போதும்: செயற்கை நுண்ணறிவு எப்படிக் கற்கிறது?

சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கத் தொடங்கும்போது வலி இருக்காது. பார்வையும் உடனே மங்காது. கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் ஆங்காங்கே ஊசிமுனை அளவுக்குப் புடைக்கும். சில இடங்களில் ரத்தம் கசியும், கொழுப்பு படியும். எழுத்து சரியாகத் தெரியவில்லையே என்று நோயாளி மருத்துவமனைக்குப் போகிற நேரத்தில் சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும். முன்னதாகத் தெரிந்துவிட்டால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். படம் எடுப்பது சில நிமிட வேலை. எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கோடிக்கணக்கில் வாழும் நாட்டில் அத்தனை கண் மருத்துவர்களுக்கு எங்கே போவது?

செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். சாட்ஜிபிடியிலிருந்தோ ரோபோவிலிருந்தோ தொடங்கினால் வியப்பிலேயே பாதிப் பேச்சு போய்விடும். விழித்திரைப் படத்தை எடுத்துக்கொண்டால் இயந்திரம் எதைப் பார்க்கிறது, யாரிடம் கற்கிறது, எங்கே தவறுகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டலாம்.

விதிகளாக எழுதிக் கொடுத்தால் ஆகாதா?

வழக்கமான கணினி நிரல் என்பது கட்டளைகளின் வரிசை. வங்கியில் வட்டி கணக்கிட வேண்டுமா? அசல், வட்டி விகிதம், காலம் மூன்றையும் வாங்கு, இந்தச் சூத்திரத்தில் போடு, விடையைச் சொல். அவ்வளவுதான். என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு முழுமையாகத் தெரிந்திருப்பதால் அதைக் கட்டளையாக எழுத முடிகிறது.

விழித்திரைப் படத்துக்கு இதே மாதிரி எழுதிப் பாருங்கள். 'சிவப்புப் புள்ளி இருந்தால் நோய்' என்று முதல் விதி. எவ்வளவு சிவப்பு? எவ்வளவு பெரிய புள்ளி? இரண்டு ரத்தக்குழாய்கள் குறுக்கே கடக்கிற இடமும் புள்ளி மாதிரித் தெரியுமே? லென்ஸில் ஒட்டிய தூசு? விழித்திரையின் நிறம் ஆளுக்கு ஆள் மாறுமே? ஒவ்வொரு விதிக்கும் ஒரு விதிவிலக்கு, அந்த விதிவிலக்குக்கு இன்னொன்று என்று எழுதிக்கொண்டே போகலாம், முடியாது. அனுபவமுள்ள மருத்துவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் முழுவதையும் சொற்களில் கொடுக்க அவராலும் இயலாது.

இந்தத் துறையின் முதல் சில பத்தாண்டுகள் பெரும்பாலும் விதி எழுதும் வழியில்தான் போயின. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே ஜான் மெக்கார்த்தி 1955-ல் எழுதிய ஒரு முன்மொழிவில்தான் வைத்தார். அதன்படி 1956 கோடையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஆய்வாளர்கள் கூடினார்கள். 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற நிரல், ரத்தத்தில் பரவும் பாக்டீரியா தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைக்கும். மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய சில நூறு விதிகள் அதற்குள் இருந்தன. சோதனைகளில் நன்றாகவே செயல்பட்டது. ஆனாலும் மருத்துவமனையின் அன்றாட வேலைக்குள் அது நுழையவே இல்லை. விதிகளைத் திரட்டுவதும் புதுப்பிப்பதும் மலைப்பான வேலை. பார்த்து அடையாளம் காண்கிற பணிகளில் இந்த வழி மிகவும் தடுமாறியது.

உதாரணங்களிலிருந்து கற்பது

இன்னொரு வழியும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஆர்தர் சாமுவேல், செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை விளையாடி விளையாடித் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிரல் ஒன்றை உருவாக்கி, 1959-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். விதியை நாம் எழுத வேண்டாம். உதாரணங்களைக் கொடுத்தால் இயந்திரம் தானே விதிக்கு நிகரான ஒன்றை வடித்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. இதற்கு இயந்திரக் கற்றல், அதாவது மெஷின் லேர்னிங் என்று பெயர். இன்று செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் நம் கைக்கு வருகிறவற்றில் மிகப் பெரும்பகுதி இதுதான்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள். 299 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட ஒரு சிறு படத்தில்கூட ஏறத்தாழ 2,68,000 எண்கள் இருக்கும். இவை உள்ளே போய், வெளியே ஒரே ஓர் எண் வர வேண்டும்: நோய் இருப்பதற்கான வாய்ப்பு, 0-க்கும் 1-க்கும் நடுவில்.

இடையில் நடப்பது பெருக்கலும் கூட்டலும்தான் என்று சொன்னால் பலரும் நம்புவதில்லை. உண்மையில் அடிப்படை அதுவே. ஒவ்வோர் எண்ணும் ஓர் 'எடை'யால் பெருக்கப்படுகிறது. பெருக்கி வந்தவை கூட்டப்படுகின்றன. கூட்டுத்தொகை ஓர் எளிய வடிகட்டியைத் தாண்டி அடுத்த அடுக்குக்குப் போகிறது. இப்படி அடுக்கடுக்காக அமைந்த கணக்குக் கட்டமைப்பைத்தான் நியூரல் நெட்வொர்க், அதாவது நரம்பணு வலை என்கிறார்கள். மூளை நரம்பணுக்களிடமிருந்து பெயரையும் தொடக்க எண்ணத்தையும் எடுத்துக்கொண்டார்களே தவிர, மூளையின் நகல் என்று இதை நினைத்துவிடக் கூடாது. அடுக்குகள் பலவாக இருந்தால் ஆழ்கற்றல், அதாவது டீப் லேர்னிங். படங்களைக் கற்ற வலைகளைத் திறந்து பார்த்தால், முதல் அடுக்குகள் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் நிற மாற்றங்களுக்கும் அசைந்துகொடுப்பது தெரிகிறது. அடுத்தடுத்த அடுக்குகள் அவற்றைச் சேர்த்து வளைவு, வலைப்பின்னல், வடிவம் என்று கட்டிக்கொண்டு போகின்றன.

அந்த எடைகள் எங்கிருந்து வருகின்றன? பயிற்சிக்கு முன் அவற்றுக்குப் பொருளே இல்லை. ஏதோ ஒரு மதிப்பு இருக்கும். முதல் படத்தைக் காட்டினால் விடையும் உளறலாகவே வரும். 'நோய் இருக்கிறது' என்று மருத்துவர் குறித்த படத்துக்கு இயந்திரம் 0.2 என்றால், பிழை எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்தப் பிழை கொஞ்சம் குறையும் திசையில் ஒவ்வோர் எடையையும் துளித்துளி மாற்றுகிறார்கள். பழைய வானொலிப் பெட்டியில் இரைச்சல் குறையக் குறைய குமிழைத் திருகி நிலையத்தைப் பிடிப்போமே, அதே வேலைதான். ஆனால் இங்கே குமிழ்கள் இரண்டு கோடிக்கு மேல். எந்தக் குமிழை எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று பிழையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் முறையை ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. இதைப் படம் படமாக, லட்சக்கணக்கான முறை செய்தால் எடைகள் ஒரு நிலைக்கு வந்து சேரும். கற்றல் என்று சொல்வது இதைத்தான்.

முறை 1986-லேயே கையில் இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம்? போதுமான படங்களும் இல்லை, போதுமான கணிப்புத் திறனும் இல்லை. இரண்டும் கூடிவந்தது 2012-ல். ஃபெய்-ஃபெய் லீ தலைமையில் தொகுக்கப்பட்ட இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பை வைத்து ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்தது. அந்த ஆண்டு டொரான்டோ பல்கலைக்கழகக் குழுவின் அலெக்ஸ்நெட், வீடியோ கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகளில் பயிற்சி பெற்று, 15.3 விழுக்காடு பிழையோடு முதலிடம் பிடித்தது. இரண்டாமிடத்தின் பிழை 26.2 விழுக்காடு. இவ்வளவு பெரிய இடைவெளியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆய்வாளர்கள் பெருங்கூட்டமாக இந்தப் பக்கம் திரும்பியது அதற்குப் பிறகுதான்.

விடைத்தாளை எழுதியவர்கள்

இனி விழித்திரைக்கு வருவோம். 2016-ல் கூகுள் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட விழித்திரைப் படங்கள் 1,28,175. அமெரிக்காவிலிருந்து வந்தவற்றோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் இருந்தன. நம் ஊர் வரிசையில் நின்று கண்ணைக் காட்டிய யாரோ சிலரின் விழித்திரைகளைப் பார்த்தும் அந்த இயந்திரம் கற்றிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

இதில் பலரும் கவனிக்காத உழைப்பு ஒன்று உண்டு. அத்தனை படங்களுக்கும் விடையை யார் எழுதினார்கள்? 54 கண் மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வெவ்வேறு மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள். ஒருவரே பார்த்தால் போதாதா என்றால், போதாது. ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சாதாரணம். ஏன், அதே மருத்துவர் சில நாள் கழித்துப் பார்த்தால் தன் பழைய விடையிலிருந்தே மாறுவதும் உண்டு. ஆகவே இயந்திரம் கற்ற 'உண்மை' என்பது மனிதர்கள் பலரின் தீர்ப்பைக் கூட்டி எடுத்த ஒன்று. விடைத்தாள் பிழையாக இருந்தால் இயந்திரம் அந்தப் பிழையையும் கவனமாகப் படித்துக்கொள்ளும்.

கற்றாகிவிட்டது, தேறியதா என்று எப்படி அறிவது? பயிற்சியில் ஒருமுறைகூடக் காட்டாத படங்களை வைத்துத்தான் தேர்வு. பார்த்த படங்களையே மறுபடி கேட்டால், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறதா, உண்மையிலேயே கற்றதா என்று பிரித்தறிய முடியாது. ஒரு தேர்வுத் தொகுப்பில் இந்த இயந்திரத்தின் மதிப்பெண் என்ன என்று பார்ப்போம். இங்கே ஒரு விடையைத் தரவில்லை, இரண்டு விதமாகத் தருகிறார்கள். ஓர் அமைப்பில், நோயுள்ளவர்களில் 97.5 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 93.4 விழுக்காட்டினரைச் சரியாக விடுவித்தது. இன்னோர் அமைப்பில் 90.3, 98.1.

ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். முதல் அமைப்பில் இரண்டு அல்லது மூன்று நோயாளிகள் தப்பிப் போவார்கள். நலமாக இருக்கும் 900 பேரில் ஏறத்தாழ 59 பேர் வீணாகப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். இரண்டாம் அமைப்பில் வீண் அலைச்சல் 17 பேருக்குத்தான். ஆனால் ஏறத்தாழ பத்து நோயாளிகள் 'ஒன்றுமில்லை' என்று வீடு திரும்புவார்கள். இயந்திரம் அதேதான், எடைகளும் அவையேதான். 0.3-க்கு மேல் வந்தால் நோய் என்பதா, 0.6-க்கு மேல் வந்தால் நோய் என்பதா என்று கோடு கிழிக்கும் இடம் மட்டும் மாறுகிறது. எங்கே கோடு கிழிப்பது என்ற முடிவு மனிதர்களுடையது. ஏ.ஐ. சொல்லிவிட்டது என்று யாராவது கையை விரித்தால், கோட்டைக் கிழித்தது யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வங்கிக் கடன் மறுக்கப்படும்போதும், மோசடி என்று ஒரு பணப்பரிமாற்றம் நிறுத்தப்படும்போதும் உள்ளே இருப்பது இதே மாதிரிக் கோடுதான்.

ஆய்வகத்துக்கு வெளியே

அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரடியாக நோயாளிகளை வைத்துச் செய்த சோதனை 2019-ல் வெளியானது. 3,049 பேர் பங்கேற்ற அதிலும் மனிதர்களுக்கு ஈடான விளைவே கிடைத்தது. தாய்லாந்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே 11 சிறு மருத்துவ நிலையங்களில் இதைச் செவிலியர்கள் பயன்படுத்தினார்கள். முதல் ஆறு மாதங்களில் கொடுத்த 1,838 படங்களில் 393 படங்களைத் தரம் போதாது என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது. காரணம் எளியது. விழித்திரைப் படத்துக்கு இருட்டறை வேண்டும். பல நிலையங்களில் அப்படியோர் அறை இல்லை. படத்தை இணையம் வழியே அனுப்ப வேண்டியிருந்ததால் வேகம் குறைந்தபோது வரிசை நீண்டது; ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் இணையம் போய், 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. மங்கலான படம் என்று ஒதுக்கப்பட்டவர் மேல்சிகிச்சைக்குத் தொலைவில் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். இந்த அலைச்சலை எண்ணி, ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொன்ன செவிலியர்களும் இருந்தார்கள்.

ஒரு தொழில்நுட்பத்தின் மதிப்பெண் பட்டியலைவிட இந்தத் தாய்லாந்து அறிக்கையிலிருந்து அதிகம் கற்றுக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நல்ல இயந்திரமும் ஒரு திரைச்சீலை இல்லாத சன்னலால் தோற்கும்.

பயிற்சியில் யார் இல்லையோ அவர்களிடம் இயந்திரம் தவறும் என்பதற்கு 2018-ல் வெளியான முக ஆய்வு ஒன்று கசப்பான சான்று. ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது.

இயந்திரம் நமக்குத் தெரியாததைக் கண்டுகொள்வதும் உண்டு. அதே 2018-ல் விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று ஒரு வலை மிகத் துல்லியமாகச் சொன்னது. அப்படியொரு வேறுபாடு படத்தில் தெரியும் என்றே கண் மருத்துவர்கள் அதற்கு முன் நினைத்திருக்கவில்லை. எடைகளில் விடை இருக்கிறது. காரணத்தை நம் மொழியில் அவை சொல்வதில்லை. மருத்துவம், நீதி, கடன் போன்ற இடங்களில் இந்த மௌனம் பெரிய சிக்கல்.

விடைத்தாள் இல்லாமலும் கற்கலாம்

இதுவரை பார்த்தது, விடையோடு கூடிய உதாரணங்களிலிருந்து கற்கும் முறை. மின்னஞ்சலில் குப்பையைப் பிரிப்பதும், கையெழுத்து எண்களைப் படிப்பதும், பேச்சை எழுத்தாக்குவதும் பெரும்பாலும் இந்த வகைதான். விடையே தராமல், ஒத்தவற்றை நீயே கூட்டம் பிரி என்று விடுவது இன்னொரு வகை. கடைகள் தம் வாடிக்கையாளர்களை வகைப்படுத்த இதைப் பயன்படுத்துகின்றன. மூன்றாவது, செய்து பார்த்து வெற்றி தோல்வியிலிருந்து கற்பது. 2016 மார்ச்சில் சியோலில் கோ என்ற பலகை ஆட்டத்தின் மாவீரர் லீ செடோலை 4-1 என்று வென்ற, கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாகோ, மனிதர் ஆடிய ஆட்டங்களோடு தன்னோடு தானே ஆடிய ஆட்டங்களிலிருந்தும் கற்றது. அதே நிறுவனத்தின் ஆல்ஃபாஃபோல்டு புரதங்களின் வடிவத்தைக் கணிக்கிறது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் விடைத்தாளை எங்கிருந்து பெறுகின்றன? எழுத்திலிருந்தே. ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அடுத்து வரும் துண்டு எது என்று கேட்டால், விடை அந்த எழுத்திலேயே இருக்கிறது. தனியாக யாரும் குறித்துத் தர வேண்டியதில்லை. இந்த எளிய பயிற்சியை மாபெரும் அளவில் செய்ததுதான் அடித்தளம். 2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பு, வாக்கியத்தின் எந்தச் சொல் எந்தச் சொல்லோடு உறவுடையது என்று கணிப்பதைத் திறம்படச் செய்தது. 2020-ல் வந்த ஜிபிடி-3-க்கு 17,500 கோடி எடைகள். பிறகு மனிதர்கள் 'இந்தப் பதில் நல்லது, இது ஆகாது' என்று தரம் சொல்லிச் சொல்லி, உரையாடும் பாங்குக்குக் கொண்டுவந்தார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது.

அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் இயந்திரத்துக்கு, அது உண்மையா என்று சரிபார்க்கும் கடமை இயல்பாக இல்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நீதிமன்றத்தில் மனு கொடுத்தார்கள். வழக்குப் பெயர், எண், நீதிபதி பெயர் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அப்படிப்பட்ட வழக்குகள்தாம் இல்லை. 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கடிதத்தின் நடையைத் திருத்தவும், நீண்ட கட்டுரையைச் சுருக்கவும், ஒரு கருத்தை வேறு விதமாக விளக்கச் சொல்லவும் இந்தக் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மருந்தின் அளவு, சட்டப் பிரிவு, ஆண்டு, பெயர் என்று வந்தால் மூலத்தில் போய்ப் பார்த்தே தீர வேண்டும்.

தமிழில் கேட்டால் பதில் ஏன் சில நேரம் தடுக்கி விழுகிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. இந்த மாதிரிகள் படித்த எழுத்தில் ஆங்கிலம் மலையளவு. தமிழ் மிகக் கொஞ்சம். எழுத்தைத் துண்டுகளாக வெட்டித்தான் இவை படிக்கும். ஒரே செய்தி தமிழில் பெரும்பாலும் கூடுதல் துண்டுகளாகச் சிதறும், அதனால் செலவும் கூடும். பேச்சில் நிலைமை இன்னும் கடினம். நெல்லையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் பேசுவது அப்படியே எழுத்தில் வருவதில்லை. பதிவு செய்தால்தான் உண்டு. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத், தமிழ் உள்ளிட்ட 22 இந்திய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்து பொதுப் பயன்பாட்டுக்குத் தருகிறது. மொசில்லா அறக்கட்டளை 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்திலும் தமிழ் இருக்கிறது. அதில் யார் வேண்டுமானாலும் திரையில் வரும் வாக்கியத்தைத் தன் குரலில் வாசித்துக் கொடுக்கலாம். வாசிக்கக் கூச்சமாக இருந்தால், மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுச் சரியா தவறா என்று குறிக்கலாம். 54 கண் மருத்துவர்கள் படங்களுக்குச் செய்த வேலை, இங்கே குரலுக்கு.